தில்லியில் பி.பிளான்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் கல்லூரியில் சேரும் முன்பே நடந்துவிடுகிறது. பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் படிப்பு கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம்தான் நகரத் திட்டமிடல் படிப்பான பி.பிளான் என்ற எண்ணம் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அந்த நினைப்பில் பிள்ளையை ஓவிய வகுப்புக்கு அனுப்பி, நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வுக்கும் பணம் கட்டுகிறார்கள். ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் என்ற எஸ்.பி.ஏ.வின் நான்காண்டு திட்டமிடல் படிப்புக்கு வழி ஜே.இ.இ. மெயினின் 2பி தாள். கணிதம், ஆப்டிடியூட், திட்டமிடல் சார்ந்த கேள்விகள் என்று மூன்று பகுதிகள், எல்லாமே கணினியில். படம் வரையும் பகுதி கட்டடக்கலைக்கான 2ஏ தாளில்தான் வரும். இன்னொன்று: பி.பிளான் மட்டும் முடித்தவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அந்தப் பட்டம் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் உரியது.

சேர்ந்த பிறகு வரும் தவறுகளில் பெரும்பாலானவை வரைவதில் இல்லை, எண்ணில் இருக்கின்றன. ஷீட்டுக்கு, அதாவது சமர்ப்பிக்கும் வரைபடத் தாளுக்கு, வண்ணம் தீட்ட இரண்டு இரவு விழிப்பவர்கள், அடியில் இருக்கும் பரப்பளவைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் போட்டு அதன்மேல் மனைகளை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் பொதுவாக உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் வெப் மெர்கேட்டர் முறையில், அதாவது ஈபிஎஸ்ஜி 3857 என்ற குறியெண்ணில் வரும். மனைகளை வரைந்த உங்கள் லேயரும் அதிலேயே இருந்து, பரப்பைத் தட்டைக் கணக்கில் எடுத்தால், தில்லியின் அட்சரேகையில் விடை ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். 100 ஹெக்டேர் பகுதி 130 ஆகும். மக்கள் அடர்த்தி 23 சதவீதம் குறைந்து தெரியும். பூங்கா, பள்ளி, தண்ணீர்த் தேவை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு தவறும். சென்னையை வைத்துச் செய்த பயிற்சி வீடியோவைப் பார்த்துக் கற்றவர்களுக்கு இது பிடிபடாது, ஏனென்றால் அங்கே பிழை 5 சதவீதம்தான். லேயரை முதலிலேயே பூமியை மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்குக்கு, ஈபிஎஸ்ஜி 32643க்கு, மாற்றி ஏற்றுமதி செய்துவிடுங்கள். லேயரின் பண்புகளில் போய் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. அது பெயர்ப்பலகையை மாற்றும், ஆயங்களை மாற்றாது. விடுமுறையில் ஊருக்குப் போய் ஆய்வு செய்தாலும் கவனம் தேவை: கோயம்புத்தூர் 43இல் வரும், சென்னையும் திருச்சியும் 44இல்.

அலகுகளும் காலை வாரும். தில்லியில் மனை கஜத்தில் பேசப்படும். 200 கஜம் என்றால் 1,800 சதுர அடி, அதாவது 167 சதுர மீட்டர். ஊரில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, 223 சதுர மீட்டர். மனைப் பரப்புக்கு எத்தனை பங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.ஏ.ஆரை, தில்லி மாஸ்டர் பிளான் சதவீதமாக 200 என்று எழுதும். 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விதிகள் அதே அளவை எஃப்.எஸ்.ஐ. 2.0 என்று எழுதும். ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டையும் அப்படியே ஒரே பத்தியில் போட்ட ஷீட்டுகள் ஆண்டுதோறும் வருகின்றன.

அடர்த்தி எழுதும்போது மொத்தமா, நிகரமா என்று குறிப்பிடாமல் விடாதீர்கள். 100 ஹெக்டேரில் 30,000 பேர் இருந்தால் மொத்த அடர்த்தி ஹெக்டேருக்கு 300. அதில் குடியிருப்பு நிலம் 50 ஹெக்டேர் என்றால் நிகர அடர்த்தி 600.

மக்கள்தொகைக் கணிப்பில் பழைய வேகத்தை நீட்டுவதுதான் வழக்கமான பிழை. தில்லி 1991–2001இல் 47 சதவீதம் வளர்ந்தது. அந்த வேகத்தையே நீட்டியிருந்தால் 2011இல் 2.04 கோடி வந்திருக்க வேண்டும்; கணக்கெடுப்பில் வந்தது 1.68 கோடி. புது தில்லி, மத்திய தில்லி மாவட்டங்களில் எண்ணிக்கை குறையவே செய்தது. நகரத்தின் சராசரியை ஒரு வார்டின்மேல் ஏற்றாதீர்கள்.

கள ஆய்வில் 384 என்ற எண் மந்திரம்போல் ஓதப்படுகிறது. 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்குமான மாதிரி அளவு அது. அதை நான்கு குடியிருப்பு வகைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 96 வீடு. பிழை 10 சதவீதம் ஆகிவிடும். அப்புறம் "முனிர்காவில் 52 சதவீதம், ஆர்.கே. புரத்தில் 47 சதவீதம்" என்று வித்தியாசம் காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. வார நாளில் காலை 11 மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் அகப்பட மாட்டார்கள். மாலையும் ஞாயிறும் சேர வேண்டும். இந்தி தடுமாறினால் இந்தி பேசும் வகுப்புத் தோழரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம், எத்தனை குடம் என்று கேளுங்கள். வருமானமும் வீட்டுக் காகிதமும் கடைசியில் வரட்டும்.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் ஜுக்கிகளை, அதாவது குடிசைகளை, "ஆக்கிரமிப்பு" என்று ஒரே நிறத்தில் அடைத்துவிட்டு நகர்வதுதான் மன்னிக்க முடியாத சோம்பல். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். 215 குடும்பங்களுக்குத்தான் மறுவாழ்வுத் தகுதி கிடைத்தது. அவர்களுக்கான வீடுகளோ வடக்கு எல்லையில், நரேலாவில். தெற்கு தில்லியில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அந்தத் தூரம் என்ன ஆகும் என்று நிறத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. தில்லியின் 2015 மறுவாழ்வுக் கொள்கையில் இரண்டு தேதிகள் இருக்கின்றன: குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பும், அதிலுள்ள குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். ஆகவே எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள், அதற்கு என்ன ஆவணம், வேலை எங்கே, போக்குவரத்துக்கு எவ்வளவு என்ற நான்கும் படிவத்தில் இருந்தாக வேண்டும். பழைய கிராமக் குடியிருப்பு எல்லையான லால் டோராவுக்குள் இருக்கும் ஊர்களையும் பக்கத்துத் திட்டமிட்ட காலனியோடு சேர்த்து வரையாதீர்கள். அங்கே கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்த வரலாறே வேறு.

போக்குவரத்துக் கணக்கெடுப்பில் வண்டிகளை மட்டும் எண்ணிவிட்டு நடப்பவர்களை விடுவது வழக்கமாகிவிட்டது. எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றும் பி.சி.யு. அலகில் பாதசாரிக்கு மதிப்பே கிடையாது. அதனால் தனிப் படிவம் வேண்டும், 15 நிமிட இடைவெளியில், சாலையின் இரு பக்கமும்.

மேற்படிப்புக்கு கேட் நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள், கட்டடக்கலைக்கும் திட்டமிடலுக்குமான ஏ.ஆர். தாளில் பொதுப் பகுதிக்குப் பிறகு பி2 என்ற திட்டமிடல் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், பி1 கட்டடக்கலைக்கு. ஊருக்குத் திரும்பி நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநராக நினைப்பவர்கள், டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையில் கேட்கும் கல்வித் தகுதியை மூன்றாம் ஆண்டிலேயே எடுத்துப் படித்துவிடுங்கள்.