கிட்ட வராத நரி

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கத்துப் பற்றைக்காடுகளில் கமராவோடு வேட்டை (சுடுவதல்ல, படமெடுப்பது) பழகத் தொடங்கிய எனக்கு, முயலின் அலறலைப் போலக் குரல் கொடுத்ததும் நரி தூரத்தில் தலைகாட்டிவிட்டு, கிட்ட வராமலே மறைந்துவிடுவது பெரும் தொல்லையாக இருந்தது. குரலில் குறையில்லை; புறங்கையை உதட்டோடு அழுத்தி உறிஞ்சும்போது எழும் கீச்சொலியே போதும். காரணம் காற்றுதான். நரி நேரே வராமல், மோப்பம் பிடிப்பதற்காகக் காற்று போகும் பக்கமாகச் சுற்றி வரும் என்பதால், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், களப்பு (கடலோர நீர்நிலை) எனக்கு வடகிழக்கே கிடக்குமாறு கரையோரப் பற்றையொன்றில் அமரத் தொடங்கினேன். தண்ணீர் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அரை நிமிடம் கூப்பிட்டுச் சில நிமிடங்கள் அசையாதிருந்தால் (நுளம்பு கடித்தாலும் தட்டக்கூடாது), காதுகளை நிமிர்த்தியபடி நரி வெளிக்கு வருகிறது. பிற்பகலில் காற்று திசைமாறிக் கடலிலிருந்து வீசுவதால், இந்த இடம் விடியற்காலைக்கு மட்டுமே உதவும்.