சுண்ணாம்புப் பாறைய பாத்து கதை சொல்றதுக்கு முன்னாடி

மலை உச்சில சுண்ணாம்புப் பாறை, அதுக்குள்ள கடல் பிராணி ஃபாசில்னு பாத்ததும் "அப்போ கடல் இவ்ளோ உசரம் வந்திருக்கு"ன்னு சொல்லிடறாங்க. இல்லங்க. எவரெஸ்ட் உச்சில இருக்கற சுண்ணாம்பு 40 கோடி வருஷத்துக்கும் மேல பழசு, ட்ரைலோபைட்ங்கற அழிஞ்சு போன கடல் பிராணியோட துண்டெல்லாம் கூட அதுல இருக்கு, ஆனா இந்தியா பிளேட் (பூமியோட மேல் ஓட்டுல நகர்ற பெரிய துண்டு) ஆசியாவுல மோத ஆரம்பிச்சதே சுமார் 5 கோடி வருஷம் முன்னாடிதான். பாறை வயசு வேற, மலை வயசு வேற.

அடுத்தது நானே ரொம்ப நாள் பண்ண தப்பு. 1000 மீட்டர் தடிமனா சுண்ணாம்பு இருந்தா கடலும் அவ்ளோ ஆழம்னு நெனச்சிட்டிருந்தேன். இப்டி சுண்ணாம்பா சேர்றது ரீஃப் (கடல்ல பவளத் திட்டு) கட்டற பவளத்தோட கூடுதான், அதுக்கு வெளிச்சம் வேணும், அதனால மேல் தண்ணிலதான் அது வேகமா வளரும், 4, 5 கிலோமீட்டருக்கும் கீழ போனா கடல் தண்ணியே கால்சியம் கார்பனேட்ட, அதாவது சுண்ணாம்ப, கரைச்சிடும். அப்புறம் எப்டி இவ்ளோ தடிமன்? அடில இருக்கற தரை மெதுவா எறங்கிட்டே இருக்கு, பவளம் ஈடு குடுத்து மேல மேல கட்டிட்டே போகுது, அவ்ளோதான். டார்வின் 1842லயே இத சொல்லிட்டாரு. 1952ல பசிபிக் கடல்ல இருக்கற எனிவெட்டாக் பவளத் தீவுல துளை போட்டப்போ 1200 மீட்டருக்கும் மேல சுண்ணாம்ப தாண்டினப்பறம்தான் எரிமலைப் பாறையே தட்டுப்பட்டுச்சு!

"பிளேட் மோதற எடத்துல சேறும் மணலும் வந்து கொட்டும், அங்க ஏது சுத்தமான சுண்ணாம்பு"ன்னும் கேப்பாங்க. பாதி சரி, சேறு ரீஃபுக்கு எமன்தான். ஆனா அந்த சுண்ணாம்பு அங்கயேதான் பொறந்துச்சுன்னு யாரு சொன்னா? ஜப்பான்ல அகியோஷி சுண்ணாம்பு, கரையே பக்கத்துல இல்லாத நடுக்கடல் எரிமலை மேல கோடிக்கணக்கான வருஷமா வளந்தது, பிளேட் அத சுமந்துட்டு வந்து, தான் மட்டும் கீழ முங்கறப்போ இத சுரண்டி கரையோட ஒட்டிடுச்சு. இந்த மாதிரி எடத்துல சுண்ணாம்புல இருக்கற ஃபாசில வச்சு சுத்தி இருக்கற சேத்துப் பாறைக்கும் அதே வயசுன்னு எழுதிடாதீங்க, சேறு வயசுல ரொம்ப சின்னதா இருக்கும். அடுக்கு தலைகீழா கவுந்தும் கெடக்கலாம், மேல இருக்கறதுதான் புதுசுன்னு கண்ண மூடிட்டு நம்பக்கூடாது.

எல்லா சுண்ணாம்பும் கடல்ல வந்ததும் இல்ல. துருக்கில பாமுக்காலே வெள்ளப் படிக்கட்டு, நிலப் பிளவு வழியா ஏறி வர்ற வெந்நீர்ல இருந்து படிஞ்சது. ஆசிட் விட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் நுரைக்கும், அதனால ஆசிட் மட்டும் போதாது, உள்ள இருக்கறது பவளமா இல்ல இலை, தண்டு அச்சான்னு லென்ஸ் வச்சு பாருங்க.