கடல் மயக்கம்: கப்பல் ஏறும் முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

கடல் பயணத்தில் பலரும் செய்யும் பெரிய தவறு, குமட்டல் வந்த பிறகு மாத்திரையைத் தேடுவது. மற்ற தவறுகளைச் செய்தாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். இதைச் செய்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

இதற்கான காரணம் வயிற்றில் இருக்கிறது. குமட்டல் தொடங்கியதும் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை கரைந்தாலும் குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும். குடலுக்குப் போகாத மருந்து இரத்தத்தில் சேராது. அடுத்த வாந்தியில் அதுவும் வெளியே வந்துவிடும். பிறகு "இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லி, நல்ல மருந்தொன்றை ஆயுளுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். மருந்தில் குறையில்லை, நேரம்தான் தவறிவிட்டது.

உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற தவறுகளும் எளிதில் விளங்கும். ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை அளக்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகள் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் உணர்கின்றன. மூடிய கேபினில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குச் சுவரும் மேசையும் அசையாமல் இருப்பதாகத் தெரிகிறது. உட்காதோ, "மேலே போகிறோம், கீழே இறங்குகிறோம்" என்று ஓயாமல் சொல்கிறது. இந்த இரண்டு தகவல்களும் மூளைக்குள் முரண்படுவதுதான் கடல் மயக்கம். எல்லா அசைவும் ஒரே அளவுக்குத் தொல்லை தருவதில்லை. ஏறக்குறைய 5 நொடிக்கு ஒரு தரம் மெல்ல ஏறி இறங்கும் அசைவுதான் மிகவும் படுத்தும். வேகப் படகின் படபடவென்ற அதிர்வைத் தாங்குபவர்கள்கூட, இயந்திரத்தை நிறுத்திவிட்டு அலையில் மிதக்கும் படகில் சுருண்டு விழுவது இதனால்தான்.

இது மனத்திடம் சார்ந்த விஷயமே அல்ல. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வினுக்குப் பயணத்தின் கடைசி வரை கடல் மயக்கம் விடவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலில் கழித்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. பார்வையற்றவர்களுக்கும் இது வரும். இரு பக்க உட்காதும் முழுவதுமாகச் செயலிழந்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆகவே "நினைக்காமல் இருந்தால் வராது" என்று ஒருவரைக் கடிந்துகொள்வது வீண். அவர் மருந்து எடுப்பதைத் தள்ளிப்போடவே அது காரணமாகும்.

மருந்தில் நடக்கும் தவறுகள்

கீழே உள்ள அளவுகள், வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கானவை. மாத்திரையின் வீரியம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அட்டையில் உள்ளதைப் படித்துச் சரிபாருங்கள். வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டைமென்ஹைட்ரினேட்: 50 முதல் 100 மில்லிகிராம், புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். ஒரு நாளில் 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மெக்லிசின்: 25 முதல் 50 மில்லிகிராம், ஒரு மணி நேரத்துக்கு முன். ஒரு நாளுக்கு ஒரு முறை போதும். தூக்கக் கலக்கம் சற்றுக் குறைவு.

சின்னாரிசின்: 30 மில்லிகிராம், 2 மணி நேரத்துக்கு முன். தேவைப்பட்டால் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை 15 மில்லிகிராம். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

புரோமெதசின்: 25 மில்லிகிராம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். நன்றாகக் கேட்கும், ஆனால் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு உறக்கம் வரும்.

அதிகாலையில் புறப்படும் பயணமானால் முந்தைய இரவு படுக்கும்போதே முதல் வேளையை எடுத்துக்கொண்டு, காலையில் அடுத்ததை எடுப்பது நல்லது. இரவு மருந்தின் தூக்கமும் உறக்கத்திலேயே கழிந்துவிடும்.

வாந்திக்கென்று வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு மாத்திரையை எடுத்துவருவது அடுத்த தவறு. புற்றுநோய் சிகிச்சையின்போதும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வரும் வாந்தியை நன்றாக அடக்கும் ஒண்டான்செட்ரான், கடல் மயக்கத்தில் உதவுவதில்லை. டாம்பெரிடோனும் இதற்கான மருந்தல்ல. கடல் மயக்கத்தின் தொடக்கம் உட்காதிலும் மூளையிலும் இருக்க, இவை தடுக்கும் பாதை வேறு. ஒவ்வாமைக்குத் தரும் "தூக்கம் வராத" மாத்திரைகளான செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவையும் பயன்படா. மூளைக்குள் போகாததால்தான் அவை தூக்கம் தருவதில்லை. கடல் மயக்கத்துக்கு வேண்டியதோ மூளைக்குள் போகும் மருந்து.

ஒன்று கேட்கவில்லை என்று இரண்டு மூன்றைக் கலந்து விழுங்குவது ஆபத்தானது. இவற்றில் பலவற்றுக்கும் வாய் வறட்சி, பார்வை மங்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் என்று ஒரே வகைப் பக்க விளைவுகள்தான். சேர்ந்தால் அவை கூடும். முதியவர்கள் நிலைதடுமாறி விழக்கூடும். இவற்றோடு மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

புது மருந்தை முதன்முதலாகக் கப்பலில் வைத்துச் சோதிப்பதையும் தவிருங்கள். ஒரு வாரம் முன்பாக, வண்டி ஓட்ட வேண்டியிராத ஒரு நாளில், வீட்டிலேயே ஒரு வேளை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை

ஸ்கோபாலமைன் ஒட்டுப்பட்டை நீண்ட பயணத்துக்கு மிக நல்ல வழி. ஆனால் அதிகக் கவனக்குறைவு நடப்பதும் இதில்தான். புறப்படக் குறைந்தது 4 மணி நேரம் முன்பாக, முடியில்லாத, காயமில்லாத, உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். ஒன்று 3 நாள் வரும். கழன்று விழுந்தால் புதியதை மறு காதுக்குப் பின்னால் ஒட்டலாம். ஒரே நேரத்தில் இரண்டு கூடாது. பாதியாக வெட்டவும் கூடாது, ஏனெனில் மருந்து சீராகக் கசியும் அமைப்பே வெட்டினால் குலைந்துவிடும்.

ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கைகழுவ மறந்து அதே விரலால் கண்ணைத் தேய்த்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணின் பாவை விரிந்து பார்வை மங்கும். ஒரு பக்கப் பாவை மட்டும் பெரிதாக இருப்பதைக் கண்டு, தலைக்குள் ஏதோ ஆகிவிட்டதென்று மற்றவர்கள் பதறுவார்கள். பட்டையைக் கழற்றும்போதும் கையையும் தோலையும் கழுவ வேண்டும். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. குழந்தைகளுக்கு வேண்டாம். வியர்வையைக் குறைக்கும் மருந்து இது என்பதால், இதை ஒட்டிக்கொண்டு கடும் வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்பே கழற்றிவிட வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதில்

காட்சி நன்றாக இருக்கும் என்று கப்பலின் முனைப்பகுதியிலும் உச்சித் தளத்திலும் கேபின் பிடிப்பவர்கள் பலர். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அதிகம் அசையாது. கப்பலும் அப்படித்தான். நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் நீர்மட்டத்துக்கு அருகிலும் இருக்கும் கேபினில்தான் அசைவு குறைவு. சன்னல் இருந்தால் இன்னும் நல்லது. பெரிய கப்பல்களில் நிலைப்படுத்தும் துடுப்புகள் இருக்கும். அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, கப்பல் ஏறி இறங்குவதை நிறுத்தமாட்டா. ஆகவே "இது பெரிய கப்பல், ஒன்றும் ஆகாது" என்று மருந்தை வீட்டில் விட்டுவராதீர்கள்.

சிறு படகில் இயந்திரப் புகை வராத இடத்தில், போகும் திசையைப் பார்த்து அமருங்கள். முடிந்தால் சுக்கானைப் பிடிக்கக் கேளுங்கள். வரப்போகும் அசைவை மூளை முன்கூட்டியே கணித்துவிடுவதால், ஓட்டுபவருக்கு மயக்கம் அரிதாகவே வரும்.

காற்று அடங்கிவிட்டதா என்று மட்டும் பார்த்துப் புறப்படுவதும் ஏமாற்றும். காற்று ஓய்ந்த பிறகும், தொலைவில் எழுந்த நீண்ட அலைகள் வந்துகொண்டே இருக்கும்.

கண்ணும் தலையும்

கைப்பேசி, புத்தகம், கேமராவின் சிறு திரை: மூன்றும் கண்ணை அசையாத பொருளில் கட்டிப்போடுகின்றன. லேசான குமட்டலை மறக்கக் கைப்பேசியை எடுப்பவர் அதைப் பெரிதாக்கிக்கொள்கிறார். வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். கடலில் அசையாமல் நிற்பது அது ஒன்றுதான். அதைப் பார்க்கும்போது கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகின்றன. பக்கத்து அலைகளையோ தாண்டிப் போகும் படகையோ பார்ப்பதால் இந்தப் பயன் கிடைக்காது.

இரவில் தொடுவானம் தெரியாது. அப்போது மல்லாந்து படுத்து, தலையைத் தலையணையில் அசையாமல் பதித்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்தபடி கேபினில் அமர்ந்திருப்பதுதான் மிக மோசமான நிலை. மூச்சை வயிற்றிலிருந்து மெதுவாக, சீராக இழுத்து விடுவதும் குமட்டலைத் தணிக்கும். செலவில்லாத இந்த வழியை ஏனோ பலர் முயன்றுகூடப் பார்ப்பதில்லை.

வயிறு

வெறும் வயிறாக ஏறினால் வாந்தி வராது என்பது தவறான நம்பிக்கை. வெறும் வயிற்றிலும் குமட்டல் வரும், ஒன்றும் வெளிவராத வறட்டு வாந்தி இன்னும் களைப்பைத் தரும். புறப்பட ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக, எண்ணெயும் காரமும் இல்லாத எளிய உணவைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பயணத்தில் உப்பு பிஸ்கட், ரொட்டி போன்றவற்றை இடையிடையே சிறிது கொறிக்கலாம். முந்தைய இரவு மதுவும் தூக்கக் குறைவும் மறுநாள் கட்டாயம் கணக்குத் தீர்க்கும்.

இஞ்சியைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பெரும்பாலும் 1 கிராம் அளவு சுக்குப் பொடியை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். லேசான குமட்டலுக்கு முயன்று பார்க்கலாம், கடும் அலைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். மணிக்கட்டில் அழுத்தும் பட்டைக்கு ஆதாரம் இதைவிடப் பலவீனம். தீங்கில்லை என்பதால் அணியலாம், ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல.

அறிகுறியை மறைப்பது

கொட்டாவி, ஏப்பம், முகம் வெளுப்பு, குளிர்ந்த வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறுவது, காரணமில்லாத சோர்வு. வாந்திக்கு முன்பே இவை வந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பவர், எதையாவது செய்து தப்பிக்க முடிந்த அந்த நேரத்தை இழந்துவிடுகிறார். குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் கவனியுங்கள். 2 வயதுக்குக் கீழ் இது அரிது. 7 முதல் 12 வயது வரை அதிகம். பெரியவர்களின் மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுக்க வேண்டாம், குழந்தை மருத்துவர் சொன்ன மருந்தும் அளவும் மட்டும் போதும். 2 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புரோமெதசின் மூச்சையே ஒடுக்கிவிடும் என்பதால் கொடுக்கவே கூடாது.

வாந்தி எடுத்த பிறகு

கைப்பிடிக் கம்பியில் வளைந்து தொங்கி வாந்தி எடுக்காதீர்கள். தலைசுற்றலோடு ஆடும் தளத்தில் கடலில் விழுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. பையையோ வாளியையோ பயன்படுத்துங்கள். வேறு வழியில்லாவிட்டால் காற்று போகும் பக்கத்தில், இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்க, தளத்தில் மண்டியிட்டு எடுக்கலாம்.

தாகத்தில் ஒரு பாட்டில் நீரை மடமடவென்று குடித்தால் அது அப்படியே திரும்பும். 15 முதல் 30 நிமிடம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு தேக்கரண்டி உப்புசர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். மாத்திரை தங்காத நிலையில் கப்பல் மருத்துவர் ஊசியாகவோ ஆசனவாய் வழியாகவோ மருந்து தர முடியும், கேட்கத் தயங்க வேண்டாம்.

தினசரி மாத்திரைகளும் வாந்தியோடு போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வலிப்பு, இதயம், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், வாந்தி வந்தால் மறுவேளை எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவு தங்காமல் போனால் சர்க்கரை அபாயகரமாகக் குறையும்.

ஒரு நாள் முழுவதும் எதுவும் தங்காவிட்டால், 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், வாந்தியில் இரத்தம், குழப்பம், கடும் தலைவலி அல்லது நெஞ்சு வலி இருந்தால், அதைக் கடல் மயக்கம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கப்பலைக் கைவிட்டு உயிர்காப்பு மிதவையில் ஏற நேர்ந்தால், மயக்கம் வரும் முன்பே அங்குள்ள மாத்திரையை எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிய மிதவையில் பழகிய மாலுமிகளும் வாந்தி எடுப்பார்கள், வாந்தியில் இழக்கும் நீரும் உடல் சூடும் அங்கே உயிருக்கே விலையாகும். சர்வதேச விதிப்படி அமைந்த மிதவைகளில் ஒவ்வொருவருக்கும் 48 மணி நேரத்துக்குப் போதுமான மருந்தும் ஒரு பையும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

பழகுவதும் இறங்குவதும்

நீண்ட பயணத்தில் பெரும்பாலோருக்கு 2, 3 நாளில் உடல் பழகிவிடும். முதல் நாள் படுத்தே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கொஞ்சம் தேறியதும் மேலே வந்து நடமாடாமல் இருட்டுக் கேபினிலேயே கிடந்தால் பழக்கம் தள்ளிப்போகும்.

கரையிறங்கியதும் நிலம் ஆடுவதுபோல் இருப்பது இயல்பு. கப்பலுக்குப் பழகிய மூளை மறுபடி தரைக்குப் பழக நேரம் எடுக்கிறது. அந்த ஆட்டமும் மருந்தின் தூக்கமும் தீரும் வரை வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். ஒட்டுப்பட்டையைப் பல நாள் போட்டவர்களுக்கு, அதைக் கழற்றிய மறுநாளோ அதற்குப் பிறகோ தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். வழக்கமான ஆட்டம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. ஒரு மாதம் ஆகியும் நிற்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். பயணத்துக்குப் பிறகு தொடங்கியது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.