பல்பு வாங்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கரண்ட் பில் எகிறியதும் கடைக்கு ஓடி ஒரு டஜன் எல்.இ.டி. பல்பு வாங்கி வீடு முழுக்க மாட்டுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் செய்தேன். பில்லில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் பாத்ரூம், ஸ்டோர் ரூம், மாடிப்படி என்று பத்து நிமிடம் எரியும் பல்பையெல்லாம் மாற்றிவிட்டு, விடிய விடிய எரியும் வாசல் பல்பை விட்டுவிட்டேன்.

அதனால் முதல் வேலை, எந்த விளக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணக்கு ரொம்ப சுலபம்: வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அதை 60 நாளால் பெருக்கிக்கொள்ளுங்கள். வாசலில் 60 வாட் குண்டு பல்பு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஒரு பல்புக்கு! அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் ஆறரை யூனிட்தான். பாத்ரூமில் ஒரு மணி நேரம் எரியும் அதே குண்டு பல்பு மூன்றரை யூனிட்டைத்தான் தின்கிறது, அது ஃபியூஸ் போகும் வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

பூஜை அறை ஜீரோ வாட்ஸ் பல்பையும் விட்டுவிடாதீர்கள். பெயர்தான் ஜீரோ, உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இரவும் பகலும் எரியவிட்டால் இரண்டு மாதத்தில் 17 முதல் 21 யூனிட் வரை தின்னும். சாமிக்கு அரை வாட் எல்.இ.டி. போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து டியூப் லைட். பழைய பட்டியில் (டியூப்பை மாட்டும் நீளமான ஃபிட்டிங்) டியூப் 36 அல்லது 40 வாட் என்றாலும் செம்புக்கம்பி சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட்டைச் சூடாக்கியே வீணடிக்கும். ஆக மொத்தம் 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். 20 வாட் எல்.இ.டி. பட்டி ஒரு சாதாரண படுக்கையறைக்குத் தாராளம். பழைய டியூப் நாலு பக்கமும் சிதறடிக்கும் வெளிச்சத்தை இது ஒரே பக்கமாகக் கீழே அடிக்கிறது. பழைய பட்டியை வைத்துக்கொண்டு உள்ளே டியூப்பை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றுவதும் உண்டு, ஆனால் சோக், ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டுமா, இருக்கலாமா என்பது டியூப்புக்கு டியூப் வேறுபடும். அட்டையில் இருக்கும் வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் புதுப் பட்டியே வாங்கிவிடுவேன், எலக்ட்ரீஷியன் கூலியும் அலைச்சலும் ஒன்றுதான்.

சரி, கடையில் என்ன கேட்பது? "9 வாட் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். வாட் என்பது கரண்ட் செலவு, வெளிச்சத்தின் அளவு லூமன். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 800 லூமன். இரண்டு பெட்டியிலும் 9 வாட் என்றிருக்க, ஒன்றில் 720, இன்னொன்றில் 900 லூமன் என்று போட்டிருந்தால் பத்து ரூபாய் கூடக் கொடுத்து 900-ஐ எடுங்கள். மின்சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பான பி.இ.இ.யின் நட்சத்திர லேபிள் 2018 முதல் எல்.இ.டி. பல்புக்குக் கட்டாயம், நட்சத்திரம் கூடக் கூட ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் கூடும். பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைப்பு) முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எதுவுமே அச்சிடாத தள்ளுவண்டி பல்பு நாலு மாதம் வந்தால் அதிர்ஷ்டம்.

கடைக்காரர் செக் பண்ணிக் காட்டும்போது செல்போன் கேமராவைப் பல்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்ன சர்க்யூட், மட்டம். அந்த வெளிச்சத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தலைவலி வரலாம்.

நிறம் உங்கள் விருப்பம். 3000 கெல்வின் மஞ்சள், 6500 பளீர் வெள்ளை, 4000 இரண்டுக்கும் நடுவில். வாசலுக்கு நான் மஞ்சள்தான் சொல்வேன், மழை விட்ட மாலையில் வெள்ளை விளக்கைத் தேடி வரும் ஈசல் கூட்டம் மஞ்சளுக்கு அவ்வளவாக வராது. சமையலறைக்கு 4000, அதோடு சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 80-க்கு மேல் இருக்கட்டும், குறைந்தால் வெங்காயம் பொன்னிறமானதா கருகியதா என்றே தெரியாது.

இனி ஃபிட்டிங். இதில்தான் நான் சூடுபட்டேன், நிஜமாகவே. ஹாலில் அழகுக்காக மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் 12 வாட் பல்பு போட்டிருந்தேன், ஆறு மாதத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்தது. கம்பெனியைத் திட்டிவிட்டு மூன்றாவதைக் கழற்றும்போது அடிப்பாகம் கையைச் சுட்டது, வெள்ளைப் பிளாஸ்டிக் பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. எல்.இ.டி.யில் பெரும்பாலும் முதலில் சாவது டிரைவர்தான், சூடு வெளியேற வழியில்லாவிட்டால் வெந்துவிடும். மூடிய ஃபிட்டிங் என்றால் வாட் குறைவான பல்பு போடுங்கள், அல்லது அடியில் காற்றோட்டம் உள்ள ஷேடு வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் ஓட்டையின் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு போனால் அதே அளவில் இன்னொன்று தேடி அலைவது பெரும்பாடு. ஹோல்டர் பின் டைப்பா, திருகி மாட்டும் மறை டைப்பா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊராக இருந்தால் 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

மாட்டிய பிறகு சுவிட்சை அணைத்தும் இரவில் பல்பு மங்கலாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கலாம், அல்லது சுவிட்சை ஃபேஸ் (கரண்ட் வரும்) கம்பியில் இல்லாமல் நியூட்ரல் (கரண்ட் திரும்பும்) கம்பியில் இணைத்திருக்கலாம். இரண்டாவது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

கழற்றிய டியூப், சி.எஃப்.எல். எல்லாவற்றிலும் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் ஒதுக்கி வைத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் கூட்டாமல் கெட்டி அட்டையால் அள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, புது பல்பின் கழுத்தில் மார்க்கரால் தேதி எழுதிவிட்டு மாட்டுங்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். பல பல்புகளுக்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ வாரண்டி உண்டு, கேட்டால் தெருமுனைக் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார்.