தண்டுவடக் காயம்பட்ட ஆண்களின் பாலியல் நலம்: பரிசோதனையில் எங்கே சறுக்குகிறோம்

சிறுநீர் எப்படிப் போகிறது, மலம் எப்படிப் போகிறது, படுக்கைப்புண் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகும் பாலியல் பற்றிய கேள்வி வருவதே இல்லை. ‘வேண்டுமென்றால் அவரே கேட்கட்டும்’ என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் நிற்கும்போது எவர் வாய் திறப்பார்? ஆய்வாளர் கிம் ஆண்டர்சன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் எது முதலில் திரும்ப வேண்டும் என்றதற்கு நடையை அல்ல, பாலியல் செயல்பாட்டையே முதலிடத்தில் வைத்தார்கள். உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நாமே பேச்சை எடுக்க வேண்டும்.

அடுத்தது, எம்ஆர்ஐ அறிக்கையில் காயத்தின் மட்டத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவது. விறைப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. தொடுதலால் வருவது தண்டுவடத்தின் அடிமுனையில் எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள பகுதி வழியாக. நினைப்பால் வருவது அதற்கு மேலே, மார்புப் பகுதியின் கீழ்முனையான டி11 முதல் இடுப்புப் பகுதியின் எல்2 வரையுள்ள பகுதி வழியாக. எந்த வழி மிஞ்சியிருக்கிறது என்று அறிய, இந்தப் பகுதிகளோடு தொடர்புள்ள தொடையின் உட்புறம், தொடையிடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய தோல் ஆகிய இடங்களில் பஞ்சாலும் குண்டூசியாலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பிறகு உறையிட்ட விரலை ஆசனவாயில் வைத்து, இன்னொரு கையால் ஆணுறுப்பின் மொட்டை அழுத்தினால் விரலைச் சுற்றித் தசை சுருங்குகிறதா என்று பாருங்கள். கதீட்டரை (சிறுநீர்க் குழாயை) மெல்ல இழுத்தும் பார்க்கலாம்; ஆனால் இழுத்ததால் வந்த அசைவைச் சுருக்கம் என்று எழுதிவிடக் கூடாது. இதெல்லாம் காயம்பட்ட முதல் சில வாரங்களில் செய்தால் செல்லாது. தண்டுவட அதிர்ச்சி, அதாவது காயத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கள் தற்காலிகமாக அடங்கிக் கிடக்கும் நிலை, விலகியதும் மறுபடி பாருங்கள்.

கேள்வித்தாளும் ஏமாற்றும். விறைப்பை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும், 15 கேள்விகள் கொண்ட தாள் (ஐஐஇஎஃப்) கடந்த நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. துணை இல்லாதவர், முயன்றே பார்க்காதவர் பல கேள்விகளுக்குப் பூஜ்யம் வாங்குவார். மொத்தத்தைப் பார்த்தால் கடுமையான குறைபாடு போலத் தெரியும். மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு நேரடியாகக் கேளுங்கள்: குளிக்கும்போதோ கதீட்டர் மாற்றும்போதோ விறைக்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, உடலுறவுக்குப் போதுமான உறுதி இருக்கிறதா?

விறைப்பு, விந்து வெளியேற்றம், உச்ச உணர்வு மூன்றும் வேறு வேறு. முழுக் காயம் (காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் அறவே இல்லாத நிலை) உள்ளவரிலும் சிலருக்கு உச்ச உணர்வு உண்டு. விந்து வெளியே வரவில்லை என்றால் ‘விந்தணுவே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்; அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். உடனே எடுத்த சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆணுறுப்பில் வைத்து விந்தை வெளியேற்றத் தூண்டும் அதிர்வுக் கருவியிலும் இதே அவசரம்தான். 2.5 மில்லிமீட்டர் வீச்சும் 100 ஹெர்ட்ஸும் இல்லாத சாதாரண மசாஜரை வைத்துப் பார்த்துவிட்டு ‘பயனில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறும் இங்கேதான் நேர்கிறது. மார்புப் பகுதியின் டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவருக்குத் தூண்டுதலின்போது ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். இவர்களின் வழக்கமான மேல் அழுத்தம் பெரும்பாலும் 90 முதல் 110. ஆகவே மானிட்டரில் 140 என்று பார்த்து ‘பரவாயில்லை’ என்பது தப்பு. அவருக்கு அது ஆபத்தான ஏற்றம். சிறுநீர்ப்பையைக் காலி செய்து, உட்கார்ந்த நிலையில் அடிப்படை அளவைக் குறித்துக்கொண்டு, இடையிடையே அளந்துகொண்டே இருங்கள். தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை எதுவும் இல்லாமலும் அழுத்தம் ஏறும். மேல் அழுத்தம் அடிப்படை அளவைவிட 20-க்கு மேல் ஏறினால் தூண்டுதலை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். அழுத்தத்தைக் குறைக்க நைட்ரேட் மருந்து கொடுக்கும் எண்ணம் இருந்தால், விறைப்புக்கான மாத்திரைகளான சில்டெனாஃபிலைக் கடந்த 24 மணி நேரத்திலோ டடாலாஃபிலைக் கடந்த 48 மணி நேரத்திலோ எடுத்தாரா என்று கேட்காமல் கொடுக்கவே கூடாது.

மருந்துப் பட்டியலைப் புரட்டாமல் பழியெல்லாம் காயத்தின் மேல் போடுவதும் உண்டு. தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் பம்ப், மனச்சோர்வு மாத்திரைகள், சிறுநீர் எளிதாகப் போகக் கொடுக்கும் டாம்சுலோசின் ஆகியவை விறைப்பையோ விந்து வெளியேற்றத்தையோ பாதிக்கலாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவா என்று பார்க்க, காலை வேளையில் இரண்டு தனித்தனி நாட்களில் ரத்தம் எடுக்க வேண்டும்.

கடைசியாக, கையைப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் காயம்பட்டவருக்கு விறைப்பை நிறுத்திவைக்க ஆணுறுப்பின் அடியில் மாட்டும் வளையமோ, ஆணுறுப்பில் போடும் ஊசியோ எழுதிக் கொடுக்கும் முன், அதை அவரால் பிடிக்க முடிகிறதா, இல்லையென்றால் துணைவர் செய்வாரா என்று கேட்டீர்களா? வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்ற வேண்டும். உணர்வில்லாத தோல் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது.