ரக்பியிலிருந்து கால்பந்துக்கு: ஆடுவதும், அக்கம்பக்கத்தில் வளர்ப்பதும்

நான் ரக்பியில் ஃப்ளாங்கராக ஆடியவன். எதிரணியில் யார் கையில் பந்து இருக்கிறதோ அவரைப் போய்ச் சாய்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. தோள் இனி தாங்காது என்று ஆனபிறகு கால்பந்துக்கு வந்தேன். இப்போது வாரம் தவறாமல் ஆடுகிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இன்று மைதானத்தில் இடம் பற்றாத அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ரக்பியை விட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள், தங்கள் பகுதியில் கால்பந்தை ஆரம்பிக்க நினைப்பவர்கள், இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஓர் இடத்தில் கால்பந்து வேர்பிடிக்க வேண்டுமானால் அங்குள்ள ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து ஓயாமல் பட வேண்டும். மைதானத்தின் அளவு, சீருடை, கோப்பை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ரக்பிக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல் சிலருக்கு இருக்கும். அது தேவையே இல்லை. 1863இல் கால்பந்து கிளப்புகள் லண்டனில் கூடி விதி எழுத உட்கார்ந்தபோது, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்று தகராறு வந்தது. இரண்டும் இருக்கட்டும் என்று நின்ற பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. 1871இல் ரக்பிக்காரர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அதுவரை எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள்தான்.

உடம்பைத் திருப்பிப் பழக்குவது

ரக்பியில் பந்தை முன்னால் எறியக்கூடாது. அதனால் நம் கண் தானாகவே பக்கவாட்டிலும் பின்னாலும் ஆள் தேடும். கால்பந்தில் எந்தத் திசையிலும் பாஸ் கொடுக்கலாம். பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கி முன்னால் யார் ஓடுகிறார் என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்தும் வரும்முன் ஒருமுறை இடது தோளுக்கு மேல், ஒருமுறை வலது தோளுக்கு மேல் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஷாட் அடிப்பதில் ரக்பி உதைப்பாளர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ரக்பி கம்பத்தின் குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரம். பந்து அதற்கு மேலே போக வேண்டும். அதற்காகவே உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து அடித்துப் பழகியிருப்போம். கால்பந்துக் கோலின் உயரம் 2.44 மீட்டர், பந்து அதற்குக் கீழே போக வேண்டும். ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில், இலக்கைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். அடிக்கிற காலின் கணுக்காலை இறுக்கிக்கொள்ளுங்கள். முட்டியும் நெஞ்சும் பந்துக்கு மேலே இருக்கட்டும். அடித்த பிறகு அந்தக் கால் முன்னால் போய் இறங்கட்டும். கொஞ்ச நாளில் பந்து தாழ்ந்து பறக்கும்.

பெரிய மாற்றம் தடுப்பாட்டத்தில்தான். எதிராளி பந்தோடு வந்தால் பாய்ந்து விழத்தான் நமக்குத் தோன்றும். கால்பந்தில் பாய்கிறவரைச் சுற்றிப் போவது சுலபம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நில்லுங்கள். முட்டியை மடக்குங்கள், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடம்பு அரைவாசி திரும்பியிருக்கட்டும். கண் அவருடைய இடுப்பிலும் கையிலும் போகக்கூடாது, பந்தில் மட்டும் இருக்க வேண்டும். அவரை மெல்ல ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். அவர் பந்தைச் சற்று அதிகமாகத் தள்ளும் நொடி ஒன்று வரும். அப்போதுதான் கால் போக வேண்டும்.

ஓரக்கோட்டை இன்னொரு தடுப்பாளராகப் பயன்படுத்துவது ரக்பியில் நமக்கு ஏற்கெனவே தெரியும். வரிசை உடையாமல் சேர்ந்து முன்னேறுவதும் தெரியும். தோளோடு தோள் மோதலுக்கும் கால்பந்து விதியில் இடம் உண்டு: பந்து ஆடும் தூரத்தில் இருக்க வேண்டும், கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், கண்மூடித்தனமான வேகம் கூடாது. ரக்பிக்காரருக்கு இது பெரிய வரம்.

ஆஃப்சைடு பற்றிச் சுருக்கமாக. ரக்பியில் பந்தை ஆடிய தோழருக்கு முன்னால் நின்றாலே சிக்கல். இங்கே எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நின்று ஆட்டத்தில் ஈடுபட்டால்தான் குற்றம். கோல் கிக், த்ரோ-இன், கார்னர் இந்த மூன்றிலிருந்து பந்து நேராக வந்தால் ஆஃப்சைடு கிடையாது. சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் இதை எடுத்தே விடுங்கள்.

பிள்ளைகளோடு ஆரம்பிப்பது

ஒரு நாள், ஒரு நேரம் என்று முடிவு செய்துவிட்டு அதை மாற்றவே மாற்றாதீர்கள். நான்கு பிள்ளைகள் வந்தாலும் நடத்துங்கள். இந்தப் பிடிவாதம்தான் எங்கள் பகுதியில் ஆட்களைக் கொண்டுவந்தது. பக்கத்தில் ரக்பியோ வேறு விளையாட்டோ பயிற்சி நடக்கிற நாளைத் தொடாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதுவா அதுவா என்று கேட்கவே கூடாது. இரண்டும் ஆடட்டும்.

பந்து அளவைச் சரியாக வாங்குங்கள். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 68 முதல் 70 செ.மீ. சுற்றளவு, 410 முதல் 450 கிராம் எடை. ஏழெட்டு வயதுக்கு 3ஆம் எண் போதும். அதற்கு மேல் பதின்மூன்று வரை 4ஆம் எண். சின்னக் காலுக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை விரல்நுனியால் தான் உதைக்கும்; அந்தப் பழக்கம் லேசில் போகாது. முடிந்தவரை ஆளுக்கொரு பந்து.

பெரியவர்கள் மாதிரி 11 பேரை இரண்டு பக்கமும் நிறுத்தி ஆடவிட்டால் என்ன ஆகும் என்று எந்த மைதானத்திலும் பார்க்கலாம். பலசாலிகள் மூன்று பேர் பந்தை வைத்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு பிள்ளை புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும். அதே பிள்ளையை 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் கோன் வைத்து, பக்கத்துக்கு நான்கு பேராக விடுங்கள். ஒளிய இடமே இல்லை. எங்களிடம் ஒரு சிறுமி இப்படித்தான் மாறினாள். பந்து வந்தால் கண்ணை மூடி எங்காவது தட்டிவிடுவாள். நால்வர் ஆட்டத்தில் பந்து திரும்பத் திரும்ப அவளிடமே வந்தது. ஒரு நாள் உள்ளங்காலை பந்தின் மேல் வைத்து நிறுத்தினாள், தடுக்க வந்த பையன் தாண்டி ஓடினான், அவள் பந்தைப் பின்னுக்கு இழுத்து, திரும்பி, தோழிக்குத் தட்டினாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு மணிநேரப் பயிற்சியை நான் இப்படி வைப்பேன். முதல் கால்மணி நேரம் ஆளுக்கொரு பந்தோடு கூட்டத்துக்குள் ஓட்டம்: இடது கால், வலது கால், நான் கை தூக்கினால் எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தலை நிமிர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம் ரோண்டோ: நான்கு பேர் சதுரமாக நிற்க, நடுவில் ஒருவர் பந்தைப் பறிக்கப் பார்ப்பார். மீதி நேரம் முழுக்க நால்வர் ஆட்டம், எட்டு எட்டு நிமிடமாக, அணிகளைக் கலைத்துக் கலைத்து. வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும் பயிற்சி ஒன்றுகூட வேண்டாம்.

பெண் பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே சேருங்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அது நீங்க ஏறக்குறைய 50 வருடம் ஆனது. வளர்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டத்தை இப்படியும் நசுக்க முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

ரக்பியிலிருந்து கொண்டுவர வேண்டியவை

தலைக்காயத்தில் ரக்பிக்காரரின் கண்டிப்பை அப்படியே கொண்டுவாருங்கள். மோதிய பிள்ளை தள்ளாடினால், கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், தலைவலி என்றால், உடனே வெளியே. அன்றைக்கு மறுபடி இறங்கக்கூடாது, மருத்துவர் பார்க்காமல் திரும்பவும் கூடாது. தலையால் முட்டுவதைச் சின்ன வயதில் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு என்று காட்டியது. 2020இல் இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் ஹெடிங் வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது.

நகர்த்தும் கோல் கம்பங்களை மணல் மூட்டையாலோ முளையாலோ கட்டாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். பிள்ளைகள் தொங்குவார்கள், கம்பம் கவிழும், உயிரே போயிருக்கிறது. முன்னங்காலைக் காக்கும் ஷின் கார்ட் விதிப்படியே கட்டாயம்.

ரக்பியில் நடுவரிடம் கேப்டன்தான் பேசுவார். கால்பந்தும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரை அணுகலாம் என்று வைத்தார்கள். உங்கள் மைதானத்தில் இதை ஏழு வயதுப் பிரிவிலிருந்தே நடைமுறையாக்குங்கள். பெற்றோருக்கும் ஒரு கோடு போட்டு, அதற்குப் பின்னால் நின்று கைதட்டச் சொல்லுங்கள். “அடி, பாஸ் பண்ணு, ஓடு” என்ற கூச்சல் நடுவே எந்தப் பிள்ளையும் தானாக யோசிக்காது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் ரக்பி வழக்கத்தை நான் விடவே இல்லை. எதிரணிப் பிள்ளைகள் அடுத்த முறை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருவது அதனால்தான்.

ஆள் பெருகினால் நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் இழுக்க முடியாது. எந்தப் பயிற்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், இது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அவசியம். பதினைந்து பதினாறு வயதுக்காரர்களிடம் விசிலைக் கொடுத்து நால்வர் ஆட்டங்களுக்கு நடுவராக்குங்கள்; பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிச் சங்கத்தில் அடிப்படைப் பயிற்சியாளர் வகுப்பு நடந்தால் முதலில் நீங்கள் போங்கள், அடுத்த முறை அவர்களை அனுப்புங்கள். லீக்கில் சேர்வதை அதற்குப் பிறகு, ஒவ்வொரு வயதுப் பிரிவையும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது யோசிக்கலாம்.