ஜோடி மானிட்டரில் ஒன்று மட்டும் கறுத்தால்

எக்ஸ்ரே பார்க்கும் ஜோடி மருத்துவ மானிட்டர்களில் ஒரே மார்பு எக்ஸ்ரே. இடது திரையில் நுரையீரல் ஓரத்து மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிந்தன. வலதில் அந்த இடம் வெறும் கறுப்பு. கை உடனே பிரைட்னஸுக்குத்தான் போகும். தொடக்கூடாது, அது அளவுத்திருத்தத்தையே கெடுத்துவிடும்.

திரைகளை 30 நிமிடம் சூடேற விட்டு, அறை விளக்கைக் குறைத்து, மருத்துவத் திரைகளைச் சரிபார்க்கும் டிஜி18-கியூசி சோதனைப் படத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் அளவில் திறந்தேன். 0% (முழுக் கறுப்பு) கட்டத்துக்குள் இருக்கும், சற்றே வெளிறிய 5% சிறு சதுரம் வலது திரையில் இல்லவே இல்லை. அடுத்து, கிராபிக்ஸ் கார்டு முனையில் கேபிள்களை மாற்றிப் போட்டதும் கோளாறு இடது திரைக்குத் தாவியது. ஆக, பேனல் நல்லது. கோளாறு கணினிப் பக்கம். டிரைவர் புதுப்பித்தபோது கார்டின் அந்த ஒரு வெளியீட்டுக்கு மட்டும் காமா (நடுத்தரச் சாம்பல் நிறங்களின் வெளிச்ச அமைப்பு), கான்ட்ராஸ்ட் மாறியிருந்தது. மானிட்டருக்குள் இருக்கும் திருத்த அட்டவணைமேல் இது இன்னொரு திருத்தமாக ஏறிக்கொள்கிறது. மானிட்டரின் உள் சென்சார் இதைக் கண்டுபிடிக்காமலே போகலாம், பேனலின் வெளிச்சம் சரியாகத்தானே இருக்கிறது!

டிரைவரின் நிற அமைப்பை இயல்புநிலைக்குத் திருப்பி, திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்து, கேபிள்களைப் பழையபடி செருகி, வெளி சென்சாரால் டைகாம் பகுதி 14 வளைவுக்கு (மருத்துவப் படங்களின் சாம்பல் நிறங்களுக்கான தரநிலை) மறுபடி அளவிட்டேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 18 படிகளிலும் விலகல் 10%க்குள் வந்தது. சோதனைப் படத்தைக் கடைசியாக எக்ஸ்ரே படங்களைத் திறந்து பார்க்கும் மென்பொருளான பேக்ஸ் வியூவரிலேயே திறந்து பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் சரியாகத் தெரிவது போதாது.